சுவருக்குச் சொன்ன சமாதானம்

அந்த மாதா கோவிலில் ஜெபம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து, திரும்பி, பின்னால் இருப்பவர் கையைப் பிடித்துச் "சமாதானம்" சொல்ல வேண்டும். ஆறு மாதமாகக் கடிகாரக்காரர் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார். பின்னால் சுவர். தட்டிக்கொடுத்தால் போதும். தட்டித் தட்டி அந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. சுவரும் பதில் சொல்லப் பழகிவிட்டதாகக் கேள்வி.

எல்லாம் மச்சானுக்குப் பயந்துதான். மனைவியின் அண்ணன், கொத்தனார். செங்கல்லைப் பிழிந்து தண்ணீர் எடுக்கிற கை. சாரம் சரிந்து கால் முறிந்து கிடந்த அவரைக் கடிகாரக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாடை ஆகாதென்று ஒரு வாரம் தள்ளினார். அப்புறம் போக முகமில்லை.

"உங்கண்ணன் என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று மனைவியைக் கேட்பார்.

"ஒண்ணும் சொல்லல."

அதைக் கேட்டதும் தன் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொள்வார். கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு விரல்தான் சோறு. மச்சான் ஒருமுறை அழுத்தினால் போதும்.

பிறரை நேசியுங்கள் என்று பாதிரியார் சொல்லும்போதெல்லாம் மனதாரத் தலையாட்டுவார். மச்சான் உறவுக்காரராயிற்றே, பிறரில் எப்படிச் சேர்த்தி?

அன்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஊன்றுகோல் சத்தம். யாரோ உட்காரவைத்துவிட்டுப் போக, பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலி முனகியது. சிமெண்ட் வாடை. இந்த ஜெபம் முடியவே கூடாது என்று ஜெபித்தார். முடிந்துவிட்டது.

திரும்பினார். கொத்தனார் ஊன்றுகோலோடு எழுந்து நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. கடிகாரக்காரர் தன் வலது கைக்கு மனதுக்குள் விடைகொடுத்துவிட்டு அதை நீட்டினார்.

"சமாதானம், மச்சான்."

பாறாங்கல் போன்ற கை அதை மூடியது. எலும்பு நெறுநெறுத்தது. இதோ, என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"கால் மடங்கல, மாப்ள," என்றார் கொத்தனார் காதோரமாக. "எப்படியோ எந்திரிச்சிட்டேன். தனியா உக்கார வராது. புடிச்சுக்க."

முழுப் பாரமும் அந்த ஒரு கையில் இறங்கியது. கடிகாரக்காரருக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் விடவில்லை. விட்டால் மச்சான் விழுவார்.

நாற்காலி முனகியது. கொத்தனார் பெருமூச்சு விட்டார்.

"அடுத்த பாட்டுக்கு எழுப்பி விடணும்."

கடிகாரக்காரர் பெஞ்சைத் தாண்டி நாற்காலிப் பக்கம் வந்து நின்றார். வலது கை மரத்துப்போயிருந்தது. பாட்டு தொடங்கியதும் இடது கையை நீட்டினார்.