அரை ஸ்டார்ட்டில் பிடிக்கும் கார்

தவராசா வீட்டுப் பந்தலுக்குக் கீழே போட்டிருந்த வாடகைக் கதிரைகளில் கைபிடி உள்ளது ஒன்றே ஒன்றுதான். அதில் யோகலிங்கம் உட்கார்ந்திருந்தார். அதில் இருக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. இருக்கவேண்டாம் என்று சொல்லும் துணிவு லிங்கநகரில் யாருக்கும் வந்ததுமில்லை. அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அரசாங்க வேலைக்கு வேண்டிய சிங்களச் சோதனை எழுதமாட்டேன் என்று வேளைக்கே பென்சன் எடுத்துக்கொண்டு வந்த மானஸ்தர் என்று பெயர். இரண்டு தரம் எழுதிப் பார்த்தது மனைவி இராசமலருக்கு மட்டும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கார்க்காரர். கார் ஓடவேண்டும் என்பது கட்டாயமில்லை. முற்றத்தில் படங்குத் துணிக்குக் கீழே ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒன்று நின்றால் அந்த வீடு கார்க்காரர் வீடுதான்.

நாளை மறுநாள் தவராசாவின் மகள் பூரணிக்குக் கல்யாணம். பின்னேரத் தேத்தண்ணியோடு கதை நாட்டில் நடக்கும் சண்டையில் தொடங்கியது. சண்டையைப் பற்றிப் பலமாகக் கதைக்க ஏலாத காலம் ஆகையால் அது வழக்கம்போலக் காருக்கு வந்து சேர்ந்தது. இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர் பாக்கியரத்தினம்தான் எடுத்துக் கொடுத்தார்.

"என்ர ஏ ஃபோர்ட்டியை நான் ஏன் குடுத்தனான் தெரியுமே? ஒரு குலை வாழைக்காய் வைச்சால் டிக்கி பூட்டாது. பேஜோ எடுத்தன். அது காரே? கப்பல்! பிறகு டொக்டர் நடக்கச் சொல்லிப்போட்டார். மட்டக்களப்புப் பக்கம் ஒரு நல்ல குடும்பத்துக்குக் குடுத்திட்டன். பொன் மாதிரி வைச்சிருக்கினமாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். யோகலிங்கமும் ஆட்டினார். அந்த நல்ல குடும்பம் எது என்று அவருக்குத் தெரியும். இந்தியன் ஆமி கப்பலேறின கையோடு பட்டப்பகலில் நாலு இயக்கப் பெடியள் வந்து கார்த் திறப்பைக் கேட்டதையும், பாக்கியரத்தினம் வாசல் மட்டும் கூடப்போய், "தம்பிமார், செக்கன்ட் கியர் கொஞ்சம் இறுக்கம், பாத்துப் போடுங்கோ" என்று சொல்லி அனுப்பியதையும் தன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர் அவர். இருந்தும் இத்தனை வருசமாக ஒரு சொல் சொன்னதில்லை. பொய்யை முகம் மாறாமல் கேட்பதுதான் பெரிய மனுசத்தனம் என்பது அவருடைய எண்ணம். அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்மேல் ஒரு மரியாதை வரும்.

"நான் மைனரில இருந்து கேம்பிரிட்ஜுக்கு மாறினதுக்குக் காரணம்," என்று அவர் தொண்டையைச் செருமினார், "மைனரில முழங்கால் இடிக்கும்."

யோகலிங்கத்தின் கால் கதிரையில் இருக்கும்போது நிலத்தைத் தொடுவதற்கு நுனிவிரல் ஊன்றவேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. பாக்கியரத்தினம் பேஜோ எடுத்த அடுத்த மாதம்தான் அந்த முழங்கால் இடிக்கத் தொடங்கியது என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை.

"இண்டைக்கும் கேம்பிரிட்ஜ் அரை ஸ்டார்ட்டில பிடிக்கும். இந்த ஆமிச் சென்ரிக்காரரோட மினைக்கெட மனமில்லாமல்தான் எடுக்கிறேல்லை."

"நீர் என்ன வாகனம் மாத்தினனீர் தவராசா?" என்று பாக்கியரத்தினம் பகிடியாகக் கேட்டார். தவராசா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சைக்கிளைத் தவிர வேறொன்றும் வைத்திருந்ததில்லை.

"நானோ? ரலியில இருந்து லுமாலாவுக்கு மாறினனான். ரலியைச் சென்ரியில வைச்சிட்டுப் போ எண்டாங்கள். வைச்சிட்டு நடந்து வந்தன்."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. உள்ளதைச் சொன்னால் இப்படித்தான் சிரிப்பார்கள் என்று யோகலிங்கம் நினைத்துக்கொண்டிருக்கையில் தவராசா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, ஒரு உதவி. பொம்பிளைக்கெண்டு பிடிச்ச வாடகைக் கார் வராதாம். ஆமி ரவுண்டப் நடக்குதெண்டு டிரைவர் பயப்படுறான். பிள்ளையைக் கூறைச்சேலையோட ஓட்டோவில ஏத்தேலாது. மாப்பிள்ளை பகுதியும் ஒரு மாதிரி. உங்கட கேம்பிரிட்ஜைத் தந்தியளெண்டால்..."

பந்தல் முழுக்க அவரைப் பார்த்தது. "அதுக்கென்ன, ஓம்!" என்றது யோகலிங்கத்தின் வாய். மனம் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குச் சற்று நேரம் எடுத்தது.

வீட்டில் இராசமலர் கேட்டது ஒரே கேள்வி. "எதை வைச்சு ஓடப்போறியள்?"

காருக்குள் எஞ்சின் இல்லை. வாகனங்கள் பறிபோன அந்த நாட்களில் ஊரில் ஒரு வழக்கம் வந்திருந்தது. கார் வைத்திருந்தவர்கள் ஸ்டார்ட் ஆக விடாதபடி ஏதாவது ஒரு சின்னச் சாமானைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, "பழுது தம்பி" என்பார்கள். இந்தப் பகுதி கேட்டாலும் அந்தப் பகுதி கேட்டாலும் பழுதுதான். பாக்கியரத்தினத்தின் பேஜோ போன அன்று யோகலிங்கத்துக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னச் சாமானைக் கழற்றினால் அவர்கள் வேறொன்று கொண்டுவந்து பூட்டமாட்டார்களா? அவர் முழு எஞ்சினையும் கழற்றினார். கச்சேரிக் காலத்தில் காணி அலுவலாகப் பழக்கமான கிண்ணியா முத்தலிப்பின் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏற்றி, மேலே வைக்கோல் பரப்பி, விடியக் காலமை அனுப்பிவைத்தார். அந்த யுக்தியை நினைத்து அவரே வியந்தார். அடுத்த வருசம் முத்தலிப்பின் அரிசி மில் எஞ்சின் வெடித்தது. "ஒங்கட சாமான் சும்மாதானே கிடக்கு, பூட்டட்டா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். மறுத்தால் கதை வெளியே வரும். யோகலிங்கம் பூட்டச் சொன்னார்.

காரின் வெறும் வயிற்றை இராசமலர் வீணாக்கவில்லை. தகரம் ஒன்றைப் போட்டு, மழை படாத இடம் என்று சிரட்டைச் சாக்கை அதற்குள் வைத்திருந்தாள்.

மறுநாள் காலமை யோகலிங்கம் சென்ரி சென்ரியாக இறங்கி ஏறி, துறையில் பாதை என்கிற அந்த இரும்பு மிதவையில் கடல் கடந்து கிண்ணியாவுக்குப் போனார். மில்லடியில் நெல்லுக் கடகங்களோடு பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். உள்ளே சீமெந்துக் கட்டில் இறுக்கியிருந்த அவருடைய எஞ்சின், நீளமான பெல்ட் ஒன்றை இழுத்துக்கொண்டு, உமித்தூள் படிந்து, அவரிடம் இருந்த காலத்தில் ஒருநாளும் ஓடாத ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க சேர், வாங்க!" முத்தலிப் தோளில் கிடந்த துவாயால் மரவாங்கைத் துடைத்தார். "இது இல்லாட்டி இந்த ஊர் ஒரல்லதான் நெல்லுக் குத்தியிரிக்கும். ஒங்களுக்குத் தேவையெண்டா சொல்லுங்க, இப்பவே நிப்பாட்டிக் கழட்டித் தாறன். ஒங்கட சாமான்."

நிப்பாட்டி என்ற சொல் கேட்டதும் வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்தில் ஓடிக் காட்டுவதற்கு என்று இவர்களுக்கு முன்னால் சொல்ல யோகலிங்கத்துக்கு வாய் வரவில்லை.

"சேச்சே, சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்."

எஞ்சின் எடுக்கப் போனவர் ஒரு பை அரிசிமாவோடு திரும்பி வந்தார்.

"தவராசாவிட்ட உள்ளதைச் சொல்லுங்கோவன்," என்றாள் இராசமலர், மாவை வாங்கிக்கொண்டு. "அந்தாள் என்ன, தின்னவே போகுது?"

அவர் சொல்லத்தான் போனார். படலையைத் திறந்ததும் வாய் வேறு கதை சொல்லிற்று. "தவராசா, பெற்றோல் மணம் கூறைச்சேலையில பிடிச்சால் போகாது கண்டீரோ. கோயில் இந்தா கிட்டத்தானே. பொம்பிளைக் காரைத் தள்ளிக்கொண்டு மெல்லமாப் போறதுதான் மரியாதை. பெரிய இடங்களில அப்பிடித்தான்."

"ஓம் அண்ணை, நல்ல யோசினை," என்றார் தவராசா, யோசிக்காமலே.

இவ்வளவு லேசாக ஏமாறுகிறாரே என்று யோகலிங்கத்துக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. கல்லில் நின்ற காரை இறக்கி, ரயருக்குக் காற்றடித்து, பூமாலை போட்டு, எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்தார். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. காரில் போய் ஏழு வருசமான மனுசனுக்கு, ஓடுகிற காரோ தள்ளுகிற காரோ, சென்ரியில் பொனட்டைத் திறந்து காட்டவேண்டும் என்பது நினைவில் இல்லை.

கல்யாணத்தன்று கோட்டுப் போட்டு, தலையணை ஒன்றின்மேல் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபோது வெட்கமெல்லாம் மறந்துதான் போயிற்று. பின்னால் பூரணி கூறைச்சேலையில் தலை குனிந்திருந்தாள். தவராசாவின் மச்சான்மார் தள்ள, மேளம் முன்னே போக, இராசமலரும் பெண்களும் தட்டங்களோடு பின்னே வர, கேம்பிரிட்ஜ் தேர் மாதிரி அசைந்தது. சந்திச் சென்ரியில் ஆமிக்காரன் கையைக் காட்டினான். மேளம் நின்றது.

"ஐயா, பொனட் திற."

"வெடிங். கல்யாணம். பொம்பிளை," என்றார் யோகலிங்கம், மூன்று சொல்லில் ஒன்றாவது பிடிபடும் என்று.

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னான் அவன். "பொனட் திற."

அவர் இறங்கினார். பூமாலையை ஒதுக்கிவிட்டுப் பொனட்டை உயர்த்தினார். ஆமிக்காரன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கையில் இருந்த கம்பியால் சாக்கைக் குத்தினான். சாக்குக் கிழிந்து ஒரு சிரட்டை உருண்டு தாரில் விழுந்தது.

"எஞ்சின் எங்க?"

யோகலிங்கம் வாயைத் திறந்தார். கிண்ணியாவில் என்றால், ஏன் என்று கேட்பான். ஒளித்தேன் என்றால், யாருக்கு என்று கேட்பான். ரிப்பேர் என்றால், எந்தக் கராஜ் என்று கேட்பான். தட்டம் தூக்கிய பெண்கள், மேளகாரர், தூரத்தில் கோயில் வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அந்த வெறும் பொனட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த பாக்கியரத்தினம் குடையை மடக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். சிங்கள ஊரான குருநாகலில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். ஆமிக்காரனிடம் சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். சொல்லும்போது யோகலிங்கத்தைக் கையால் காட்டினார். அதில் பயத்தைச் சொல்லும் 'பய' என்ற சொல் ஒன்றுதான் யோகலிங்கத்துக்குத் தெளிவாக விளங்கிற்று. இரண்டு தரம் சோதனை எழுதியும் ஏறாத பாஷை, இந்த ஒரு சொல்லில் மட்டும் நேரே உள்ளே இறங்கியது. ஆமிக்காரன் சிரித்தான். பிறகு, வயதானவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேனே என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"என்ன சொன்னனீர்?" என்று யோகலிங்கம் மெல்லக் கேட்டார்.

"உள்ளதைத்தான். களவு போயிடும் எண்ட பயத்தில மனுசன் எஞ்சினைக் கழட்டி எங்கயோ குடுத்திட்டுது, இப்ப கேட்க வெட்கப்படுது எண்டன்."

"உமக்கு... உமக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும்," என்றார் பாக்கியரத்தினம், குரலைத் தாழ்த்தி. "வைக்கோல் கிண்ணியாவில இருந்து இஞ்ச வரும். இஞ்ச இருந்து கிண்ணியாவுக்குப் போனதை நாங்கள் அண்டைக்குத்தானே கண்டது. உம்மட படலையில இருந்து சந்தி மட்டும் எண்ணெய்க் கோடு வேற. பெடியள் அதுக்கு மேல சைக்கிள் ஓடி விளையாடினவங்கள்."

யோகலிங்கம் தவராசாவைத் திரும்பிப் பார்த்தார். தவராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் பின்பக்கம் கையை வைத்தபடி நின்றார்.

"நான் எஞ்சினைக் கேக்கேல்லை அண்ணை. பிள்ளை இருந்து போக ஒரு சீற்றுத்தானே கேட்டனான்," என்றார். "ஏறுங்கோ, நேரம் போகுது."

அவர் ஏறினார். தலையணை முன்னைவிட உயரமாக இருந்தது போலிருந்தது. பந்தலுக்குக் கீழே அரை ஸ்டார்ட் கதை சொன்ன பின்னேரங்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றிலும் இந்தப் பாக்கியரத்தினம் முகம் மாறாமல், ஒரு சொல் சொல்லாமல், தலையாட்டிக்கொண்டு இருந்தார். அந்தத் தலையாட்டு எப்படிப்பட்டது என்று யோகலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். ஊரிலேயே அது தன் ஒருவனிடம்தான் உண்டு என்றல்லவா நினைத்திருந்தார்.

மேளம் தொடங்கியது. கார் நகர்ந்தது. பொனட் சரியாகப் பூட்டுப்படவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வாயைத் திறந்து திறந்து மூடிற்று. அது திறக்கும்போது கோயில் மறைந்தது, மூடும்போது தெரிந்தது. கீழே டக், டக் என்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார். கிழிந்த சாக்கில் இருந்து தகர இடுக்கால் சிரட்டைகள் ஒவ்வொன்றாக வீதியில் விழுந்துகொண்டிருந்தன. சென்ரியடியில் இருந்து காரின் பின்சில்லு வரைக்கும், கோடு போட்டதுபோல. பெண்கள் காலில் மிதிபடாமல் விலகி விலகி வந்தார்கள். இராசமலர் மட்டும் தட்டத்தைப் பக்கத்தில் வந்தவளிடம் கொடுத்துவிட்டு, காஞ்சிபுரம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவர் கண்ணாடியைக் கையால் மெல்லத் திருப்பினார். இப்போது அதில் பூரணி தெரிந்தாள். தலை குனிந்தபடிதான் இருந்தாள். பூமாலைக்குக் கீழே அவளுடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அந்தச் சின்னக் கண்ணாடியில் தெரியவில்லை. முன்னால் பொனட் மறுபடி திறந்தது.