மந்தாரை சொன்ன சாட்சி

திருவொற்றியூரில் ரஷீது வீட்டு வாசலில் நிற்கும் மந்தாரை மூன்று வருடமாக ஒரு பூ கூடப் பூக்கவில்லை. மணலி ஆலைப் புகைதான் காரணமென்று அவர் வருடம் தவறாமல் மனுப் போட்டார். மனுவின் முதல் வரியே மந்தாரைதான். கண்ணெரிச்சலும் இருமலும் கடைசியில் வரும்.

நோன்பு பிறக்குமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவர் வழக்கம். சுவரை உரசும் கிளைகளை அன்றைக்கே அரிவாளால் கழித்துவிடுவார்.

"மொட்டு வுட்ற நேரத்துல வெட்டிட்டு, பொக மேல பழி போட்றீங்களே. பூத்து முடிஞ்சப்புறம் வெட்டுங்க" என்பாள் மனைவி ஷரீஃபுன்னிசா.

"உனுக்கு இன்னா தெரியும்? சும்மா கெட."

இந்த வருடம் சுண்ணாம்பு அடிக்க ஏணியில் ஏறியவர் இரண்டாம் படியிலேயே வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். சுவர் அழுக்காகவே நின்றது. மரம் தப்பித்தது. பாதி நோன்புக்குள் இலை தெரியாமல் பூத்துக் குலுங்கியது. ரஷீதுக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரம் பார்த்து, மூன்று வருட மனுவுக்கும் சேர்த்து ஓர் அதிகாரி வந்தார். மரத்தை நாலு பக்கமும் படமெடுத்தார்.

"பொகையாலதான் பூக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்பப் பூத்திருக்கே! அப்ப காத்து சுத்தமாயிடுச்சு" என்று இருமிக்கொண்டே எழுதி, ரஷீதிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் ரஷீது நொண்டிக்கொண்டே உள்ளே வந்து கத்தினார். "அருவா எங்க வச்ச?"

"இன்னும் பூத்து முடியலீங்க" என்றாள் ஷரீஃபுன்னிசா.