கிரீஸ் ஆச்சு

சொட்டு அச்சுக் கட்டையை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். அதன் முகம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். குளத்து நீரின் மேல் காற்று போனது போல மெல்லிய வரிகள் ஓடின. நகத்தால் வருடினார். நகம் தடுக்கியது.

"போச்சு" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

பாட்டில் மூடிகளுக்கு அச்சு வெட்டும் இயந்திரம் அது. வெட்டும் மேசை இரண்டு எஃகுத் தண்டவாளங்களின் மேல் போய்வரும். தண்டவாளத்தைக் கவ்வியபடி நான்கு பிளாக்குகள். அவற்றுக்குள் வரிசையாக உருளும் சின்னக் குண்டுகள். குண்டுகளுக்கு கிரீஸ் அளவாகக் கிடைத்தால் மேசை மயிரிழை பிசகாது. சொட்டு அந்த இயந்திரத்தோடு தலை நரைத்தவர். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவார் என்று யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வாசல் காவலாளிக்குக்கூட அவர் சொந்தப் பெயர் தெரியாது.

காலை ஷிப்ட் அவர். மதியத்துக்கு மேல் அவருடைய மாப்பிள்ளை, தங்கையின் புருஷன். மேனேஜர் முன்பே சொல்லி வைத்திருந்தார்: "இது படுத்துச்சுன்னா புதுசு வராது. வேலை பெரிய ஆலைக்குப் போயிடும். நீங்க ரெண்டு பேரும் இதுகூடவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." இரண்டு வீட்டு அடுப்பும் அந்த மேசையை நம்பி எரிந்தன.

வரிகள் விழுந்ததற்குக் காரணம் சொட்டுவுக்குத் தெரியும். மாப்பிள்ளை கிரீஸ் போடுவதில்லை. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்தப் பட்டறையில் ஷிப்ட் மாறும்போது எதையும் எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. போகிறவர் இயந்திரத்தின் மூடியில் கை வைத்து, வருகிறவரிடம் சொல்லுவார்: "ஓடுது. கிரீஸ் ஆச்சு." ஆகாவிட்டால், "கிரீஸ் ஆகலை." அவ்வளவுதான். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுப்பது மாதிரி இருக்கிறது என்று பக்கத்து லேத் இயந்திரத்துக் கடைசல்காரர் சிரிப்பார்.

சொட்டுவின் அப்பா தங்கை வீட்டில் படுக்கையில் கிடந்த காலத்தில், அவரையும் பட்டறையில் அந்த மூடியருகேதான் கைமாற்றினார்கள். காலையில் மாப்பிள்ளை அவரைப் பார்த்துக்கொள்வார். மதியம் பட்டறைக்கு வந்ததும், "மாமாவுக்கு மதிய மாத்திரை ஆச்சு" என்பார்; ஆகாவிட்டால், "ஆகலை." சொட்டு கிளம்பி அப்பாவிடம் போவார். தங்கை கடையை மூடிவிட்டு வரும்வரை இருப்பார்.

ஒரு வாரம் வேலை கழுத்தை நெரித்தது. கைமாற்றும்போது இருவரும் இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். மச்சான் போய்க் கொடுப்பார் என்று மாப்பிள்ளை இருந்தார். கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று சொட்டு இருந்தார். அந்த வாரம் மதிய மாத்திரையை யாருமே கொடுக்கவில்லை. வாரக் கடைசியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

"நீ குடுத்திருப்பேன்னுதானே இருந்தேன்" என்றார் சொட்டு, பிணத்தை வைத்துக்கொண்டு.

"நீங்க குடுப்பீங்கன்னுதானே நான் இருந்தேன்" என்றார் மாப்பிள்ளை.

அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. தங்கை இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாட்டம் அழுதுவிட்டு, அதன்பின் இரண்டு பேரிடமும் அளந்துதான் பேசினாள்.

பட்டறையில் மாப்பிள்ளை வருவார், சொட்டு போவார். கை பழக்கத்தில் மூடியைத் தொடும். வாய் திறக்காது.

கிரீஸ் டப்பாவைச் சொட்டு தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கட்டும். மாப்பிள்ளை கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்கவில்லை. அதனால் போடுவதில்லை என்று சொட்டு முடிவுகட்டினார். மாதம் ஒருமுறை, கிரீஸ் துப்பாக்கியில் ஓர் அழுத்து போதும் என்று சொட்டுவுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் பங்கையும் சேர்த்து இரண்டு அழுத்தாக்கினார். பிறகு மனசு கேட்காமல் வாரம் ஒருமுறை. பிறகு காலையில் வந்ததும் துப்பாக்கியைத்தான் முதலில் எடுத்தார்.

அச்சில் வரிகள் விழுந்ததைப் பார்த்த மறுநாள், இயந்திரக் கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் காலையிலேயே வந்துவிட்டாள். அதிகம் பேசாத பெண். மாப்பிள்ளையை மேனேஜர் முன்னதாகவே வரச் சொல்லியிருந்தார். அவர் இயந்திரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"என்னை ஏன் சார் கேக்கறீங்க? என் ஷிப்ட்ல ஒரு நாள் தவறுனதில்ல" என்றார் சொட்டு. "மெஷினுக்கு ரெண்டு ஷிப்ட் இருக்கு. அங்க கேளுங்க."

"மச்சான் மத்தியானத்துல இங்க வந்து பாத்தாராமா?" என்றார் மாப்பிள்ளை, மேனேஜரைப் பார்த்து.

"வந்து வேற பாக்கணுமா? டப்பா எங்கிட்ட இருக்கு. காத்தையா அடிச்சாரு?"

மாப்பிள்ளை கடைசல்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எஞ்சினியர் மேசையின் மடிப்பு உறையைக் கழற்றினாள். கடைசல்காரர் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா!" என்றார்.

தண்டவாளமே தெரியவில்லை. பிளாக்குகளின் ரப்பர் உதடுகள் பிதுங்கி வெளியே தொங்கின. ஓரங்களில் கிரீஸ் வழிந்து, தூசியோடு திட்டுத்திட்டாக உறைந்திருந்தது. உறைக்கு அடியில் எண்ணெய் தனியாகப் பிரிந்து குட்டையாக நின்றது.

அவள் ஒரு பிளாக்கைக் கழற்றித் திறந்தாள். உள்ளே வழவழப்பு எதுவும் இல்லை. காய்ந்த சோப்பு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. அதில் மஞ்சளும் வெள்ளையும் கலந்திருந்தன.

"ரெண்டு கிரீஸா?" என்றாள்.

சொட்டுவின் டப்பாவில் இருப்பது மஞ்சள்.

"வெள்ளை என்னோடது" என்றார் கடைசல்காரர் மெதுவாக, மாப்பிள்ளையைக் காட்டி. "இவரு தினம் கொஞ்சம் கேப்பாரு. குடுப்பேன்."

"தினமா?"

"தினம்" என்றார் மாப்பிள்ளை. இப்போதுதான் சொட்டுவை நேராகப் பார்த்தார். "பூட்டி வெச்சிருந்தா, போட மாட்டார்னுதானே அர்த்தம்? யாராவது போடணும்ல?"

"நீங்க?" என்று அவள் சொட்டுவைக் கேட்டாள்.

சொட்டு தரையைப் பார்த்தார். "நானும் தினம்."

அவள் குண்டுகளைத் துணியில் கொட்டித் துடைத்தாள். ஒன்றுகூட உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் தேய்ந்து, அம்மை போட்ட முகம் மாதிரி குழி விழுந்திருந்தன. இந்த இரண்டு கிரீஸும் சேரவே கூடாது, சேர்ந்தால் எண்ணெய் பிரிந்து ஓடிவிடும் என்றாள். அளவுக்கு மேல் திணித்தால் குண்டு உருளாது, இழுபட்டுச் சூடாகும். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நீளவாக்கில் கோடு கோடாகக் கீறியிருந்தது.

"நான் பட்டினி போட்டுக் கெடுத்தவங்களத்தான் பாத்திருக்கேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "இது ஊட்டியே கொன்னது."

கடைசல்காரர் சிரிக்க வாயெடுத்து, சொட்டுவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"வேற தண்டவாளம் போட்டா?" என்றார் சொட்டு. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"இந்த மாடலுக்கு இப்ப செய்றதில்லீங்க. பழசு எங்கயாவது கெடைச்சாலும் மேசையோட அடிப்பாகமும் போயிருக்கு."

"தேய்ச்சு எடுத்தா? நான் கையாலயே தேய்ச்சு..."

"ஐயா" என்றாள் அவள். கருவிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து, லாரிக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். பழைய இரும்புக்காரன் இப்படி கிரீஸோடு எடுக்க மாட்டான், துடைத்து வையுங்கள் என்றார். "அப்புறம் ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க" என்றபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

சொட்டுவின் போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. தங்கை.

"என்னண்ணே, மெஷினைத் தொறந்து பாத்தாங்களா? அவரு போனை எடுக்கவே இல்ல."

"பாத்தாங்க."

"யாரு தப்பாம்?"

சொட்டு இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை பழந்துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வந்து சொல்றேம்மா."

"அப்ப போச்சா?"

"லாரிக்குச் சொல்லியாச்சும்மா."

"ரெண்டு பேரும் சேந்தாவது வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சொட்டு மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு வாசல் பக்க முனையில் குந்தினார். மாப்பிள்ளை சுவர்ப் பக்க முனையில் ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் இந்த இயந்திரத்தில் கை வைத்ததில்லை. ஒருவர் கை எடுத்த பிறகுதான் இன்னொருவர் கை வைப்பார்.

சொட்டு தண்டவாளத்தின் வாசல் பக்கப் பாதியை முடித்தார். பள்ளங்களில் குச்சி விட்டு எடுத்தார். எஃகு தெரிந்தது. கீறல்களும் தெரிந்தன. எழுந்து மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை மூடியின் மேலேயே இருந்தது.

தொண்டையைச் செருமினார்.

"மாப்ள" என்றார். "இந்தப் பக்கம் ஆச்சு. சுத்தமா தொடச்சுட்டேன்."

மாப்பிள்ளை தலை தூக்கிப் பார்த்தார். சரி என்பது போலத் தலையசைத்தார். தன் பாதியை முடித்தார். பிறகு துணியை மறுபடி மண்ணெண்ணெயில் முக்கிப் பிழிந்துகொண்டு, நகர்ந்து வந்து, சொட்டு துடைத்து வைத்த இடத்தை முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.