மூன்று ஷிஃப்ட்டிலும் தனகோட்டி

கம்ப்யூட்டர் திரையில் தனகோட்டிக்கு மூன்று ஷிஃப்ட்டிலும் வேலை இருந்தது. அவருக்கு மட்டுமல்ல, அவரோடு கேங்கில், அதாவது அந்தச் சுரங்கக் குழுவில், இருந்த அத்தனை பேருக்கும்.

"ஏம்மா, காலையில, மதியம், ராத்திரி மூணும் நானேவா?" மதிய ஷிஃப்ட் பஸ்ஸுக்காக வாசலில் நின்ற தனகோட்டி எட்டிப் பார்த்தார். "அப்ப வூட்டுக்குச் சொல்லிடுங்க, சோத்த மைன்ஸுக்கே கொண்டாரட்டும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பொற்கொடிக்குக் காது சுட்டது.

சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் அந்த வடக்குத்து ஊர் கான்ட்ராக்ட் ஆபீசில் அவளுக்கு அன்று சோதனை நாள். ஷிஃப்ட் பட்டியலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி ஓடவைத்துவிட்டால் வேலை அவளுக்கு. பி.எஸ்சி. முடித்து வீட்டில் இருந்தவள், செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ராஜ்மோகன் போனை எடுத்தார். "பரவால்லம்மா, நீ கெளம்பு. பண்ருட்டியில இந்த வேல தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், அவர வரச் சொல்லிடுறேன்."

"போன வைங்க சார்."

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். "பஸ் வர்ற வரைக்கும் டைம் குடுங்க."

"பஸ் வந்தா போன் பண்ணிடுவேன்."

"சரிங்க சார்."

தப்பு எங்கே? எதிர்ச் சுவரில் கரும்பலகை தொங்கியது. கேங்குக்கு ஒரே பலகை. எல்லோருடைய ஷிஃப்ட்டையும் அதில்தான் எழுதுவார்கள். காலையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் அவளும் எழுதியிருந்தாள். தொழிலாளி என்று ஒரு கிளாஸ், ஒவ்வொரு ஆளையும் வார்த்தெடுக்கும் அச்சு. அதன் தலைமாட்டில், எல்லோருக்கும் பொதுவாக, ஒரே ஒரு லிஸ்ட். பலகையில் பெயருக்கு நேராக எழுதுகிறார்கள். இங்கே யாருக்கு எதை எழுதினாலும் அந்த ஒரே லிஸ்ட்டில் போய் விழுந்து, எல்லோர் தலையிலும் ஏறியது.

லிஸ்ட்டை அங்கிருந்து எடுத்தாள். ஒவ்வொரு ஆளையும் உருவாக்கும்போதே அவருக்கென்று தனி லிஸ்ட் பிறக்கும்படி 'இவருடையது' என்று குறிக்கும் 'செல்ஃப்' போட்டு உள்ளே வைத்தாள். ஓடவிட்டாள். ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்.

"தள்ளு, நான் பாக்குறேன்." ராஜ்மோகன் தனகோட்டி என்று அடித்து, பழக்கத்தில் ஸ்பேஸ் பாரையும் ஒரு தட்டு தட்டினார்.

'இப்படி ஒரு ஆள் இல்லை' என்றது திரை.

"அடப்பாவி! இங்கதான நின்னுகினு இருக்கேன்!"

வெளியே ஹாரன் கேட்டது. ராஜ்மோகன் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பெயரின் ஓரத்து இடைவெளியை வெட்டச் சொல்லி ஒரு வரி இருக்கத்தான் இருந்தது. ஆனால் பைத்தானில் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம், தன்னை மாற்றிக்கொள்ளாது. வெட்டிய பெயரைப் புதிதாகக் கொடுக்கும். அதை அவள் கையில் வாங்கி வைக்கவில்லை.

தனகோட்டி பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு டிரைவரிடம் கத்தினார். "கொஞ்சம் இருப்பா. நான் இருக்கனா இல்லியான்னு தெரிஞ்சிக்கினு ஏறிடுறேன்."

பொற்கொடி அந்த வரியின் முன்னால் 'பெயர் =' என்று சேர்த்தாள். நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். "மறுபடியும் அதே மாதிரி அடிங்க சார். ஸ்பேஸோட."

அடித்தார். தனகோட்டி, மதிய ஷிஃப்ட்.

"இருக்கீங்கண்ணே!" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள். பஸ் கிளம்பியது.

ராஜ்மோகன் போனைக் காதில் வைத்தார். "அண்ணே, ராஜ்மோகன் பேசுறேன். இல்லண்ணே, நீங்க வர வேணாம். ஆள் கெடச்சாச்சு."

அவள் அதற்குள் அடுத்த கேங்கின் பலகையைப் பார்த்துப் பெயர்களை அடிக்கத் தொடங்கியிருந்தாள்.