ஐடாவின் கென்யாப் பயணம்

ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு எண்பத்தாறாயிரம். ஆறு ராத்திரி, இரண்டு பேர். வாணி கால்குலேட்டரைத் தொடவே இல்லை. பத்து லட்சத்து முப்பத்திரண்டாயிரம் என்று கட்டத்தில் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அடுத்தது குட்டி விமானம், அதற்கடுத்தது காட்டுக்குள் நுழையக் கட்டணம், அப்புறம் பலூன். விடியற்காலையில் பலூனில் ஏற்றி, புல்வெளிக்கு மேலே ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டி, இறங்கினதும் மேஜை போட்டு நாஷ்டா கொடுப்பார்கள். அதற்கு ஆளுக்கு நாற்பத்திரண்டாயிரம். பெங்களூர் டாக்டர் ஒருத்தருக்கும் அவர் சம்சாரத்துக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாம், அதைச் சிங்கத்தின் முன்னால் உட்கார்ந்துதான் கொண்டாட வேண்டுமாம். கொண்டாடட்டும், யார் வேண்டாமென்றது?

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அந்த ஆபீஸ். வாடிக்கையாளர்கள் வந்து காபி குடிக்கும் கண்ணாடி ஆபீஸ் பெங்களூரில் இருக்கிறது. வேலை நடப்பது என்னவோ இங்கேதான். முதலாளி விநாயக் கெட்டிக்காரர். கோலார் தங்கவயல் ஜனங்களுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், சம்பளமோ பெங்களூரில் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று கண்டுபிடித்து, நாலு கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். விடியக் கருக்கலில் ரயிலேறி, பெங்களூர் வரைக்கும் நசுங்கிக்கொண்டு போய் வாட்ச்மேன் வேலை பார்க்கும் வாணியின் புருஷன் சிவராஜ்கூட, உனக்கென்ன, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாய் என்றுதான் சொல்வான்.

ஏழு வருஷமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். பணக்காரர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போக எத்தனை நாள் வேண்டும், எந்த மாதம் போகலாம், எதில் காசு மிச்சம் பிடிக்கலாம், எல்லாம் அவள் போட்டுக் கொடுக்கும் கணக்குத்தான். ஆற்றோரக் கூடாரங்களில் எட்டாம் நம்பருக்கு எதிரேதான் நீர்யானைகள் படுத்திருக்கும், மூன்றாம் நம்பருக்கு ஜெனரேட்டர் இரைச்சல் கேட்கும், அதைத் தேனிலவு ஜோடிக்குக் கொடுக்கக்கூடாது. எந்த டிரைவர் சிறுத்தையைக் கண்டுபிடிப்பதில் சூரன், அவனுக்கு எத்தனை டாலர் டிப்ஸ் வைத்தால் மனம் நோகமாட்டான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அவள் பார்த்த ஒரே சிங்கம் பள்ளிக்கூடத்து டூரில், பன்னேர்கட்டாவில், பஸ் கம்பிக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கின சிங்கம். வேலைக்குச் சேர்ந்த வருஷமே, எப்படியும் ஒருநாள் அனுப்புவார்கள் என்று பாஸ்போர்ட் எடுத்து வைத்தாள். அது பீரோவில் புடவைக்கடியில் பக்கம் பக்கமாக வெறுமையாகக் கிடக்கிறது.

ஜூலை மாதத்தில் அந்த ஒருநாள் வந்தது. கென்யாவில் அந்தக் கூடாரங்களை நடத்துகிறவர்கள், உங்கள் கம்பெனியிலிருந்து ஒருத்தரை அனுப்புங்கள், ஆறு ராத்திரி இலவசமாகத் தங்கிப் பார்க்கட்டும், விமான டிக்கெட் மட்டும் நீங்கள் எடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை முதலில் திறந்து படித்தவளே வாணிதான். அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வெள்ளிக்கிழமை விநாயக் வந்தார். ஐடா போகட்டும் என்றார்.

ஐடாவுக்கு இருபத்தாறு வயது. பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில், வாணி வீட்டு லைனிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை இந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டதே வாணிதான். வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவது ஐடாவின் வேலை. நல்ல குரல், சிரித்த முகம். கூடாரத்து வாசலில் நின்று செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்றார் விநாயக். அப்புறம் வாணி பக்கம் திரும்பி, நீங்கள் பத்து நாள் இல்லாவிட்டால் இந்த ஆபீஸே படுத்துவிடும் என்று தேன் தடவினார். அதே மூச்சில், ஐடாவுக்கான பயணத் திட்டத்தையும் செலவுக் கணக்கையும் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

வாணிக்கு வயிறு எரிந்தது. சும்மா ஒரு பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே தொண்டைக்குக் கீழே ஏதோ காந்திக்கொண்டே இருந்தது, மோர் குடித்தும் அடங்கவில்லை. ஐடா, காட்டெருமைக்கும் வரிக்குதிரைக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவள். எத்தனை நாள், "அக்கா, இத கொஞ்சம் பாத்து குடேன்" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள். அவள் போய் எட்டாம் நம்பர் கூடாரத்தில் படுப்பாளாம், நீர்யானை பார்ப்பாளாம். இவள் அதற்குக் கட்டம் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ஐடாவின் அம்மா சாரா லைன் முழுக்கக் கேக் வெட்டிக் கொடுத்தாள். வாணி வீட்டுக்கு மட்டும் இரண்டு துண்டு. குழாயடியில் அதே லைனில் இருக்கும் பார்வதம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே ஊசி குத்தினாள். "ஏம்மா வாணி, நீதான அவள சேத்துவுட்ட? உன்ன இன்னா, கூப்புடவே இல்லியா?" வாணி சிரித்து வைத்தாள். எனக்கு எங்கே லீவு கிடைக்கிறது என்றாள். வீட்டுக்கு வந்து அந்தக் கேக்கை எறும்புக்குப் போட்டாள்.

சாம்பியன் ரீப்ஸிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்கு இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் போவார்கள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று மண்ணை வாரி அடிக்கும்போது ஐடா துப்பட்டாவின் ஒரு முனையை வாணியின் முகத்துக்கும் பிடிப்பாள். முன்பெல்லாம் அது வாணிக்குப் பிடிக்கும். இப்போது அந்தத் துப்பட்டாவின் சோப்பு வாசனைகூட எரிச்சலாக இருந்தது. அங்கே குளிருமா, அக்கா? சிங்கம் கூடாரத்துக்குள் வராதே? வாணி பதில் சொல்வாள், குளிரும், வராது. ஒவ்வொரு பதிலும் தன் பெட்டியிலிருந்து யாரோ ஒரு நகையை எடுத்துப் போட்டுக்கொண்டு போவது போல இருந்தது.

பயணம் போகிற எல்லோருக்கும் வாணி ஒரு தாள் அனுப்புவது வழக்கம். போவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று பதினோரு வரி. அதில் நாலாவது வரி மஞ்சள் காய்ச்சல் ஊசி. அது பெங்களூரில் குறித்த இடத்தில், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போடுவார்கள். போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அந்தச் சீட்டு செல்லும். சீட்டு இல்லாவிட்டால் பயணம் இல்லை. ஐடாவுக்கு ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி விமானம்.

ஐடாவின் பெயருக்கு அந்தத் தாளைத் திறந்தபோது வாணி எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. நாலாவது வரியில் விரல் நின்றது. அழித்தாள். கீழே இருந்த வரிகள் தாமாகவே மேலே ஏறி, பத்தாக நம்பர் போட்டுக்கொண்டு நின்றன. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். ஐடா அதைக் கையில் வாங்கி, நீ இல்லேன்னா நான் இன்னா பண்ணுவேன் அக்கா என்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை போனது. எட்டாம் தேதி வெள்ளிக்கிழமையும் போனது. இன்னும் பன்னிரண்டாம் தேதி செவ்வாய் இருக்கிறது, அன்றைக்குப் போட்டால்கூடப் பத்து நாள் சரியாக வரும், சொல்லிவிடலாம் என்று வாணி தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டாள். பதினொன்றாம் தேதி காலை, ஆட்டோவில், ஐடா அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சை மையில் டிக் போட்டிருந்தாள்.

"நீ எழுதிக்குடுத்த எல்லாம் முட்சிட்டேன்க்கா. வேற எதுனா பாக்கி கீதா?"

இவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாளே. நாளைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் பெங்களூர் போ, ஊசி ஒன்று இருக்கிறது, மறந்துட்டேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாணிக்கு வாய்வரைக்கும் வந்தது. ஐடா தாளை மடித்துக்கொண்டே, எட்டாம் நம்பர் கூடாரம் எனக்குத்தான் என்று அங்கேயிருந்து எழுதிவிட்டார்கள் என்றாள்.

"அவ்ளோதான்," என்றாள் வாணி. "எல்லாம் முட்சிட்ட."

பன்னிரண்டாம் தேதி முழுக்க அவள் கம்ப்யூட்டரில் மணியைப் பார்த்தபடி இருந்தாள். சாயங்காலம் ஐந்தானதும் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றானது. பயமாக இருந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கம் வந்தது. ஒருவேளை தன்னை அனுப்புவார்களோ என்று கூடவே ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. தனக்கும்தான் ஊசி போடவில்லை என்று ஞாபகம் வந்ததும் அது அடங்கிற்று.

பதினெட்டாம் தேதி, வருகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் ஊசிச் சீட்டையும் கென்யாவிலிருந்து கேட்டார்கள். என்ன ஊசி என்று ஐடா கேட்டாள். விநாயக் அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அரை மணி நேரம் கத்தினார். ஒரு தாளை ஒழுங்காகப் படிக்கத் தெரியாதவர்களை நம்பி லட்ச ரூபாய் வியாபாரம் பண்ணுகிறேன், இந்த ஊர்க்காரர்களுக்கு எதைக் கொடுத்தாலும் கைநழுவ விடத்தான் தெரியும் என்றார். வாணியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏழு வருஷத்தில் வாணியின் தாளில் ஒரு வரி தப்பினதில்லை. ஐடா தலையைக் குனிந்துகொண்டு, சாரி சார், பாக்கல சார் என்றாள். வாணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோபம் ஆறினதும் விநாயக் தன் மனைவி மமதாவுக்குப் போன் போட்டார். மமதா போன வருஷம் உகாண்டா போனபோதே ஊசி போட்டுக்கொண்டவள். ஒருதரம் போட்டால் ஆயுசுக்கும் செல்லும். இலவசமாக வருகிற ஆறு ராத்திரியை எதற்கு விட வேண்டும்? பெயரை மாற்றச் சொன்னார். ஐடாவின் டிக்கெட்டை ரத்து செய்கிற செலவு இருபத்துநாலாயிரத்தை அவள் சம்பளத்தில் மாதம் நாலாயிரமாகப் பிடிக்கச் சொன்னார். ஐடாவின் சம்பளம் பதினாறாயிரம். வாணி பெயரை மாற்றினாள். பிடித்தத்தையும் ஆறு மாதத்துக்கு எழுதினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மூன்றாவது ஆள் ஏறவில்லை. ஆண்டர்சன்பேட்டை தாண்டினதும் ஐடா அந்தத் தாளை எடுத்தாள்.

"மூணு தபா படிச்சேன்க்கா. இதுல ஊசின்னே இல்ல. நீ வேல ஜாஸ்தில உட்டுட்டுகீற." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "சார்கிட்ட காட்டல. காட்னா உன்ன வேலய உட்டு அனுப்பிடுவாரு. உங்கூட்ல ஒரு சம்பளத்துல இன்னா பண்ணுவீங்க?"

பச்சை டிக் போட்ட தாளை நாலாகக் கிழித்துக் காற்றில் விட்டாள். நான்தான்டி அழித்தேன் என்று சொல்ல வாணிக்கு எத்தனை ஆசை. ஆட்டோ அவர்கள் லைனில் வந்து நின்றது. இரண்டு பேரின் சில்லறையையும் ஐடாவே கொடுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் மமதா ஆபீஸுக்கு வந்தாள். காட்டுக்குள் போகும் குட்டி விமானத்தில் சக்கரம் வைத்த பெட்டியை ஏற்ற மாட்டார்கள், துணிப் பைதான், அதுவும் பதினைந்து கிலோவுக்கு மேல் கூடாது. மமதாவிடம் இருந்ததெல்லாம் சக்கரப் பெட்டி. ஐடா வாங்கின பை சும்மாதானே இருக்கிறது, கொண்டுவரச் சொல்லுங்கள் என்று காலையிலேயே போன் வந்திருந்தது. ஐடா கொண்டுவந்தாள், விலைச்சீட்டு இன்னும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது, இரண்டாயிரத்து எண்ணூறு. அதற்குக் காசு என்று யாரும் பேச்செடுக்கவில்லை.

மமதாவின் துணிகளை ஐடா ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். வீட்டிலிருந்து மமதா கொண்டுவந்திருந்த எடை மெஷினைத் தரையில் வைத்தார்கள். பையை அதன் மேல் வைத்தபோது நம்பர் மறைந்துபோனது. ஆள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் சரியாகிவிடும் என்றாள் மமதா, தனக்கு முதுகு வலி என்றும் சொன்னாள். ஐடா செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் வெறுமனே ஏறினாள். நாற்பத்தொன்பது. அப்புறம் பையை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பைக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது.

"எவ்ளோக்கா?"

வாணி மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். அறுபத்து மூன்று எண்ணூறு. அதிலிருந்து ஐடாவைக் கழித்துவிட்டு, மமதா என்ற பெயருக்கு நேரே பதினான்கு எண்ணூறு என்று எழுதினாள்.