கோல் கீப்பருக்கு ஒரு மொட்டை

என் பெண்டாட்டி அகிலாண்டேஸ்வரி அடுத்தவன் தலைமுடியை எடுத்து முருகனுக்கு நேர்ந்துவிட்டாள். கேட்டால், "அவசரத்துல வாயில வந்துருச்சுங்க" என்கிறாள். அவசரத்தில் ஒரு தேங்காய் வரலாம், அர்ச்சனை வரலாம். மொட்டையா வரும்? அதுவும் யார் தலை? டொராண்டோ ஸ்டார்லிங்ஸ் அணியின் கோல் கீப்பர் ரேமண்டின் தலை!

நான் அந்த அணியின் பல் டாக்டர். கும்பகோணத்துக்காரனுக்கு ஐஸ் ஹாக்கியில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். அந்த விளையாட்டில் பந்துக்குப் பதில் பக் என்று ஒரு ரப்பர் வில்லை. அது மூஞ்சிக்கு வந்தால் பல் கீழே. பல்லைப் பொறுக்கிக்கொண்டு பையன்கள் என்னிடம்தான் ஓடிவருவார்கள். 1974இல் சேர்ந்தபோது கோலுக்குப் பின்னால் எனக்கும் மனைவிக்கும் இரண்டு இருக்கை கொடுத்தார்கள். முதல் ஆட்டத்தில், "இவங்க ஏங்க துடப்பக்கட்டையால அடிச்சுக்கறாங்க?" என்று கேட்டவள், அடுத்த சீசனில் நடுவரைப் பார்த்து, "கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு!" என்று எழுந்து நின்று கத்தினாள். பட்டுப்புடவை, அதன் மேல் ஓவர்கோட்டு, அதன் மேல் அணியின் நீல மப்ளர். அரங்கத்தில் அவளைத் தெரியாத ஆள் கிடையாது.

ரேமண்ட் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். வயது முப்பத்தைந்து, இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆனால் தலைமுடி மட்டும் தோள்வரை, தங்க நிறத்தில். கண்ணாடி முன் நின்றானென்றால் லேசில் நகரமாட்டான். அந்த வருஷம் அணி தோற்றுக்கொண்டே வந்தது. லீக் முடிந்ததும் முன்னணி அணிகளுக்கு நடக்கும் பிளேஆஃப் போட்டியின் முதல் சுற்றில் ஜெயிக்காவிட்டால் அணியை ஏதோ ஓர் அமெரிக்க ஊருக்கு விற்றுவிடப்போகிறேன் என்று முதலாளி பேப்பரில் சொல்லிவிட்டார். விற்றால் முழங்கால் போனவனை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? கோலுக்கு முன்னால் நிற்பதைத் தவிர அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் பிளேஆஃப். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி ஷாட். அவர்களில் ஒருத்தன் தனியாக வந்து அடிப்பான், ரேமண்ட் தனியாகத் தடுக்க வேண்டும். பக்கத்தில் அகிலா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். ரேமண்ட் பிடித்துவிட்டான்! யாரென்றே தெரியாத ஒரு தடியன் என்னைத் தூக்கிச் சுற்றி, என் கோட்டு முழுக்க பீரை ஊற்றினான். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வீட்டுக்குத் திரும்புகையில் காரில்தான் விஷயம் வெளியே வந்தது.

"சுவாமிமலை முருகனுக்கு ரேமண்ட் தலையை மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேங்க."

கார் நடைபாதையில் ஏறி இறங்கியது.

"உனக்கென்ன பைத்தியமா? உன் முடியைக் குடு. என் முடியைக் குடு!"

"உங்ககிட்ட எங்க இருக்கு குடுக்கறதுக்கு?"

அவள் வாய்க்கு ஒரு பூட்டு உண்டா என்று கல்யாணமான நாளிலிருந்து தேடுகிறேன்.

ரேமண்டிடம் சொல்லித் தொலைக்கலாமென்றால் அவன் பித்து அவனுக்கு. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றமாட்டான். காலுறையைத் துவைக்க மாட்டான். எப்போதோ ஒரு நாள் தயிர்சாதமும் ஆவக்காயும் தின்றுவிட்டுப் போய் ஜெயித்தான் என்பதற்காக, ஒவ்வொரு ஆட்டத்தன்றும் அதையேதான் தின்பான். அவனிடம் போய் தலையைச் சிரைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? "சீசன் முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்று அகிலாவுக்கு உத்தரவு போட்டேன். "தள்ளிப்போட்டா சாமிக்கு ஆகாதுங்க" என்றாள். "ஆகலைன்னா போகட்டும்" என்றேன்.

பிளேஆஃப் முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டம்தான் முடிவு, அதுவும் எங்கள் அரங்கில். ஆட்டத்தின் மூன்று பகுதியில் இரண்டு முடிவதற்குள் எங்களுக்கு மூன்று கோல் விழுந்துவிட்டது. நாங்கள் போட்டது ஒன்றே ஒன்று. சின்னப் பிள்ளை தடுக்கிற பக்கையெல்லாம் ரேமண்ட் விட்டான். ஒன்று அவன் காலிலேயே பட்டு உள்ளே போனது. ஒவ்வொரு கோலுக்கும் அகிலா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இடைவேளையில் வால்ட்டின் பல் ஆடுகிறதென்று என்னை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். வால்ட் எதிரணியோடு மோதுவதற்கென்றே வைத்திருந்த எங்கள் சண்டைக்காரன், நிலைப்படி இடிக்கிற உயரம். அவன் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தேன். மூலையில் ரேமண்ட் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர், நான் எதையுமே மாத்தலையே. அதே சாக்ஸ், அதே சோறு. அப்புறம் ஏன் இப்படி ஆகுது?"

பாவி, அந்தக் குரலில் கேட்டால் எவன் தாங்குவான்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ரேமண்ட் எழுந்து வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று வால்ட்டின் பின்னால் ஒதுங்கினேன்.

"சாமிக்குச் சொன்னதைச் செய்யாமலா என்னை இத்தனை ஆட்டம் ஆடவிட்டே? உனக்கு மூளை இருக்கா டாக்டர்?"

அவ்வளவுதான், மொத்த அணியும் என் மேல் பாய்ந்தது. படித்தவன் செய்கிற காரியமா என்று ஒருத்தன். ஒரு கடவுளோடு போய் விளையாடுவாயா என்று இன்னொருத்தன். பஞ்சு அடைத்த வாயோடு வால்ட்கூட ஏதோ வைதான். நானும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினேன். அதற்குள் யாரோ ஓடிப்போய் அகிலாவை அழைத்து வந்துவிட்டார்கள். உள்ளே பாதிப் பேர் அரைகுறை உடையோடு நிற்கிறார்களே, அதனால் அவள் கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றபடி அதிகாரம் பண்ணினாள்.

"கிழக்கே பார்த்து உட்கார வைங்க!"

"கிழக்கு எது?"

"ஒஷாவா பக்கம்!" என்று கிழக்கே இருக்கிற ஊரைச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள்.

"முதல் மொட்டை. தாய்மாமன் மடியில உட்காரணும்!"

அதை நான் விளக்கினேன். அம்மாவின் கூடப்பிறந்தவன் மடி. ரேமண்ட் முழித்தான்.

"யாரோட அம்மா?"

"பிள்ளை முடியை நேர்ந்துக்கிறது பெத்தவ வேலைடா" என்றேன். "எங்களுக்குப் பிள்ளை கிடையாது. உன் முடியை அவ நேர்ந்துகிட்டான்னா, முருகன்கிட்ட உன்னை யாருன்னு சொல்லி வச்சிருப்பா? நீயே யோசிச்சுக்க."

சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. ரேமண்ட் கதவையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து கொடுத்தான்.

"அப்படின்னா நான்தான் அவளுக்கு அண்ணன்" என்று வால்ட் தொடையைத் தட்டினான். மார்புக் கவசம், கால் கவசம் எல்லாவற்றோடும் ரேமண்ட் அந்த மடியில் ஏறி உட்கார, பெஞ்சு கிறீச்சென்றது. சவர நுரை வந்தது, ரேசர் வந்தது. முதல் கத்தி நான் வைத்தேன். பொன்முடி கொத்துக் கொத்தாக விழ, இருபது முரடர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். ஒருத்தன் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டான்.

"சந்தனம் தடவினீங்களா?" என்றாள் வெளியிலிருந்து.

சந்தனத்துக்கு எங்கே போவேன்? என் பெட்டியில் பல் அச்செடுக்கிற இளஞ்சிவப்பு மாவு இருந்தது. அதைத் தண்ணீரில் குழைத்துத் தலை முழுக்க அப்பினேன். அது சீக்கிரம் இறுகிவிடும் என்பது ஒரு பல் டாக்டருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மணி அடித்தது. ரப்பர் தொப்பி போட்ட மாதிரி தலையோடு, அதன் மேல் முகமூடியை மாட்டிக்கொண்டு ரேமண்ட் பனியில் இறங்கினான்.

அரங்கமே ஊளையிட்டது. ஊளையிட்டால் என்ன? அதற்குப் பிறகு ஒரு பக் உள்ளே போகவில்லை. விழுந்து பிடித்தான், படுத்துப் பிடித்தான், அந்த முழங்கால்களோடு எப்படித்தான் எழுந்தானோ! நாங்கள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தோம். கூடுதல் நேரத்தில் யாரோ அடித்த பக், சீசன் முழுக்க ஒரு கோல்கூடப் போடாத தாய்மாமன் வால்ட்டின் பின்புறத்தில் பட்டு வலைக்குள் போய் விழுந்தது.

ஜெயித்துவிட்டோம்! அணி எங்கேயும் போகாது, ரேமண்டும் போகமாட்டான். நானும் அகிலாவும் இருக்கை மேல் ஏறிக் குதித்தோம். தொப்பிகள் மழையாகப் பனியில் விழுந்தன.

டிவிக்காரன் மைக்கை நீட்டினான். "ரேமண்ட், பாதி ஆட்டத்தில் மொட்டை! என்ன கதை இது?"

ரேமண்ட் தலையில் இறுகியிருந்த இளஞ்சிவப்பு மாவில் ஒரு துணுக்கைப் பிய்த்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. அரங்கம் முழுக்க ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது.

"என் அம்மா வேண்டிக்கிட்டிருந்தாங்க."

"உங்க அம்மா வந்திருக்காங்களா?"

ரேமண்ட் மட்டையை எங்கள் பக்கம் நீட்டினான்.

அத்தனை ஆயிரம் பேரும் திரும்பினார்கள். சீசன் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு இப்போது சத்தமே வரவில்லை. என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ மூக்கும் கண்ணும் ஒழுகின.

"என்னங்க..."

"என்ன?"

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்களேன்."

தடுப்பைத் தாண்டி, தோல் ஷூவோடு பனியில் குதித்தேன்.