பச்சையாய் நின்ற சரிவு

கீழ்வானில் வெளுப்புப் படர்ந்தும் ஞாயிறு இன்னும் தலைகாட்டாத அவ்வேளையில், சென்ற ஆண்டின் பெருமழையில் பாதி சரிந்து செம்மண் தெரியக் கிடந்த மலைச்சரிவின்மேல், ஊசியிலைக் கன்றுகள் நாலாயிரம் நிரைநிரையாய் நின்றன. அடிவாரத்திலோ, அடுப்புகள் புகையத் தொடங்க, பால்வண்டியின் மணி கேட்க, பன்னிரண்டு வீடுகள் கொண்ட சிறு தெருவொன்று ஒன்றும் அறியாமல் கண்விழித்துக்கொண்டிருந்தது. நூல்நயம் அறிந்த அன்பரே, அத்தெருவின் கடைசி வீட்டை நோக்கியவாறு சரிவின் நடுவே நின்ற ஒருத்தியைச் சற்றே பாருங்கள். கன்றுகள் அனைத்தையும் பண்ணையில் வளர்த்தவள் அவள். நாற்றுக்காரி என்றே எல்லாரும் அழைப்பர். அந்தக் கடைசி வீடு அவளுடைய அக்காள் குடியிருப்பது.

கன்றுகள் வேரோடி மண்ணைப் பிடித்திருந்தால் தெருவார் இருக்கலாம், இல்லையேல் மழைக்குமுன் வெளியேற வேண்டும் என்பது ஊராட்சியின் முடிவு. இருபது நாள் கொளுத்திய வெயிலுக்குப்பின் அன்று மாலையே பெருமழை வரும் என்று சொல்லப்பட்டதால், கன்றுகள் வேர்பிடித்தனவா என்று ஆய்ந்து சொல்ல, அழுத்தமானி பொருத்திய இரும்புக்குடுவையோடு அளவுக்கார அம்மையார் விடியலிலேயே வந்திருந்தார். நறுக்கிய கிளையைக் குடுவைக்குள் அடைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரிய, காற்றை ஏற்றிக்கொண்டே போவார். குறைந்த அழுத்தத்திலேயே சாறு கசிந்தால் கன்று நீருண்டு வாழ்கிறது என்று பொருள்.

ஊசியிலை மரத்தின் போக்கே தனி. நிழலிலும் நீரிலும் செல்லமாய் வளர்ந்தது, மெல்லிலைகளை மிகுதியாய் விட்டு, இலைத்துளைகளைத் திறந்தே வைத்துக் கருகருவெனத் தழைக்கும். வேரை நீட்டவோ அதற்கு மனம் வராது. வெயிலில் காய்ந்து வளர்ந்ததோ, குட்டையாய், தடித்த இலையோடு, அழகென்று சொல்ல ஒன்றுமில்லாமல் நின்று, வெப்பம் ஏறியதும் துளைகளை மூடிக்கொண்டு வேரை ஆழ இறக்கும். அதனால்தான் நடுமுன் இரண்டு திங்கள் நிழல்வலையை நீக்கி, நீரைக் குறைத்து, கன்றுகளை வாட்டிப் பழக்குவது பண்ணையின் வழக்கம்.

நாற்றுக்காரிக்கு இளகிய மனம். தலைசாய்ந்த கன்றுகளைக் காணப் பொறாமல், மூன்றாம் பாத்திக்கு மட்டும் மாலைதோறும் எவரும் அறியாமல் நீர்வார்த்து, நண்பகலில் வலையையும் இழுத்துவிட்டாள். கொழுகொழுவென வளர்ந்த அவற்றையே பொறுக்கி, அக்காள் வீட்டுக்கு நேர்மேலே தன் கையாலேயே நட்டாள். "அக்கா வீட்டுக்கு மட்டும் நல்லதாப் பொறுக்குறியா?" என்று உடன் உழைத்தோர் சீண்டியபோது சிரித்துக்கொண்டாள்.

அம்மையார் முதலில் அடைத்த குட்டைக் கன்றின் கிளையில், அழுத்தமானியின் முள் எட்டைத் தொட்டதுமே சாறு துளிர்த்தது. அடுத்துக் கொழுத்த கன்றின் கிளையைச் செருகினார். முள் இருபதைக் கடந்தது, முப்பதைக் கடந்தது. வெட்டுமுனை உலர்ந்தே இருந்தது.

"பச்சையாத்தானேம்மா இருக்கு?" என்றாள் நாற்றுக்காரி.

"இந்த மரம் செத்தாலும் வெளிய காட்டாதும்மா. ஒரு மாசம்கூடப் பச்சையா நிக்கும். மத்ததெல்லாம் நல்லா இருக்கே, இது மட்டும் ஏன் இப்படி?"

வாய் திறந்தால் வேலை போகும் என்பதை அவள் எண்ணாமல் இல்லை. எனினும் அதைவிடப் பேரச்சம் கீழே கூரையிட்டுக் கிடந்தது. "நான்தாம்மா கெடுத்தேன். வாட விடாம தண்ணி ஊத்தினேன். கீழ எங்கக்கா வீட்டுக்கு மேல இருக்கறது முழுக்க அதுதான்."

அம்மையார் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அந்த இடம் விட்டா சரிவு மொத்தமும் தெரு மேல வந்துடும். நான் ஊராட்சிக்குப் போறேன். நீங்க கீழ போய்ச் சொல்லுங்க, நிக்காதீங்க."

இளையவள் மூச்சிரைக்க வந்து நின்றபோது, மூத்தவள் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"கிளம்புக்கா. மழைக்கு முன்னாடி எல்லாரும் போயிடணும்."

"என்னடி உளர்ற? மேல பாரு, இருக்கறதுலயே பச்சை நம்ம வீட்டுக்கு மேலதான்."

நாற்றுக்காரி கொல்லைக்குப் பின்னே ஏறி, ஒரு கன்றை இரு விரலால் பற்றி இழுத்தாள். எவ்விதத் தடையுமின்றி அது கையோடு வந்தது. பத்துத் திங்களாகியும் வேர்கள் பண்ணைப் பையின் வடிவிலேயே சுருண்டிருந்தன; ஒன்றுகூட மண்ணுக்குள் போகவில்லை. "செத்துப்போச்சுக்கா. பாசம் காட்டி நானே கொன்னுட்டேன்."

கையில் சீப்போடு பின்னாலேயே ஏறிவந்த மூத்தவள் அந்த வேரைத் தொட்டுப் பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்தாள். "எங்கிட்டச் சொன்ன மாதிரியே எல்லார்கிட்டயும் சொல்லு. இல்லன்னா நம்ப மாட்டாங்க."

அவ்வாறே ஆயிற்று. ஒவ்வொரு வாசலிலும் மக்கள் அண்ணாந்து பார்த்து, பச்சையைக் கண்டு, அவளுக்குக் கிறுக்கென்று நகைத்தனர். அவள் கன்றை நீட்டித் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சொன்னபின்தான் நகைப்பு அடங்கி, மூட்டைகள் கட்டப்பட்டன. சிலர் ஏசினர், ஒருவர் காறி உமிழ்ந்தார். அவள் அடுத்த வாசலுக்குப் போனாள்.

மாலையில் மழை கொட்டியது. எதிர்மேட்டில் நனைந்து நின்றோர் காண, சரிவு தன் பச்சையை மேலே போர்த்தியவாறே இறங்கிவந்து தெருவின்மேல் படுத்தது. வாட விடவேண்டியதை வாட விட அஞ்சியவளின் அன்புக்குப் பன்னிரண்டு வீடுகள் விலையாயின, அன்பரே. அவ்வீட்டாரின் உயிருக்கோ, அவள் ஒளிக்காமல் சொன்ன சொல்லே காப்பாயிற்று. கூட்டத்தில் அவளருகே எவரும் நிற்கவில்லை, அக்காளைத் தவிர.